கலர் ரூம் கம்ப்யூட்டர்

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று பாப்பா மூன்று வாரமாக வாய்க்குள்ளேயே மென்றுகொண்டிருந்தாள். அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. "வேலையை விட்டுட்டு அவர்கிட்டப் போறேன் மாமா." அவ்வளவுதான். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தால் சரளமாக வந்தது. கடைக்குள் நுழைந்து, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "வந்துட்டியா கண்ணு, இனி எனக்கென்ன கவலை" என்று சிரித்ததும் நேராகப் பின்னறைக்குப் போய் வேலையை ஆரம்பித்துவிடுவாள்.

முப்பத்திரண்டு வயதாகியும் அவள் எல்லோருக்கும் பாப்பாதான். அப்பா தவறிய வருடம், பதினேழு வயதில், அம்மாவின் தம்பியான இந்த மாமாவின் பெயிண்ட் கடைக்கு வந்தவள். மாமா அன்றைக்கே மாடி வீட்டை அக்காவுக்கும் அக்கா மகளுக்கும் ஒழித்துக் கொடுத்தார். கல்யாணமும் அவர்தான் முன்னால் நின்று செய்து வைத்தார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டாவது கிளம்பியிருக்கலாம்.

கல்யாணமாகி நான்கு வருடம். கணவனுக்கு ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு காகித ஆலையில் வேலை. இத்தனை நாளும் மூன்று பேரோடு ஒரே அறையில் கிடந்தான். மாதம் ஒரு முறை வந்து போவான். இப்போது ஆலைக் குடியிருப்பில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். முப்பதாம் தேதிக்குள் குடும்பத்தோடு குடிபுகவேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அன்று காலை மாடிப்படி இறங்கும்போதே போன் வந்தது.

"இன்னைக்காவது சொல்லிடுவியா?"

"சொல்லிடறேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்ன."

"இன்னைக்குக் கட்டாயம். கடையைத் திறந்ததும் முதல் வேலை அதுதான்."

அவன் "சரி" என்று போனை வைத்தான். அவன் கோபப்படாமல் இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கடையின் பின்புறம் கலர் ரூம். ஜன்னல் இல்லை, ஒரே கதவு. அதிலும் பாதியை அடுக்கி வைத்த டின்கள் மறைத்திருக்கும். உள்ளே நிறம் கலக்கும் இயந்திரம், டின்னைப் போட்டுக் குலுக்கும் இயந்திரம், மேசைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த அதன் பெட்டி, இப்போது கடையில் நிறங்களைக் காட்டும் எந்த ஷேட் கார்டிலும் இல்லாத ஒரு மஞ்சளுக்கு வந்திருந்தது. எந்த நிறத்துக்கு எந்தச் சாயத்தில் எத்தனை சொட்டு என்கிற கணக்கெல்லாம் ஒரு சி.டி. டிஸ்கில் இருந்தது. தினமும் காலையில் அந்த டிஸ்கைப் படித்தால்தான் புரோகிராம் திறக்கும். காவிச் சாயம் இறங்குகிற குழாய் மந்தம், அதற்கு இரண்டு சொட்டு கையால் சேர்க்கவேண்டும். கார்டில் ஒரு எண் இருந்தால் கம்ப்யூட்டரில் வேறு எண் அடிக்கவேண்டும். இந்தச் சேட்டைகளெல்லாம் பாப்பாவுக்குத்தான் மனப்பாடம். நடுவில் வேலைக்கு வந்த இரண்டு பேர் ஒரு வாரம் தாக்குப்பிடித்துவிட்டுத் தலைதெறிக்க ஓடிவிட்டார்கள்.

அன்று அவள் கல்லாவருகே போய் நின்று, "மாமா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தே விட்டாள்.

"பேசலாம் கண்ணு. ஏணி வந்து நிக்கறான் பாரு, முதல்ல அவனை அனுப்பிடு."

ஏணி என்பது பெயிண்ட் காண்ட்ராக்டர். ஆளின் உயரத்துக்கு வைத்த பெயர். மோட்டு வளைக்கு அவனுக்கு ஏணியே வேண்டாம் என்பார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் நீளச் சுவர் ஒன்றை முந்தின நாள் பாதி அடித்து நிறுத்தியிருந்தான். மறுநாள் அங்கே விழா.

"நேத்துக் குடுத்த அதே கலர் இன்னும் எட்டு பக்கெட் வேணும் தங்கச்சி. நாலு மணிக்குள்ள சுவத்துல ஏறிடணும். கொஞ்சம் மாறினாலும் சுவரு ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும், ஹெட்மாஸ்டரம்மா என்னை வெள்ளையடிச்சிடும்."

பாப்பா கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை வெளிச்சமானது. டிஸ்க் டிரைவ் வழக்கம்போல உறுமியது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம், மூன்று முறை டக் டக் என்று தட்டல், அதன் பின் அமைதி. 'டிஸ்கைப் போடவும்' என்று திரை கேட்டது. டிஸ்க் உள்ளேதான் இருந்தது. பட்டனை அழுத்தினாள்; டிஸ்க் வைக்கிற தட்டு வெளியே வரவில்லை. நிறுத்திப் போட்டாள். பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். மறுபடியும் அதே கரகர, அதே கேள்வி.

மாமா கதவில் வந்து நின்றார். அவர் நல்ல அகலம். அவர் நின்றால் அந்த அறைக்கு வெளிச்சம் வராது.

"என்னாச்சு?"

"டிரைவ் போச்சு மாமா. டிஸ்க் உள்ள மாட்டிக்கிச்சு."

"அவ்வளவுதானே? நீ இருக்கையில எனக்கென்ன. பாத்து எடுத்துடுவ." அவர் திரும்பி ஏணியிடம் உரக்கச் சொன்னார்: "நீ போய் டீ குடிச்சிட்டு வா. எங்க பாப்பா கையில ஆகாத வேலைன்னு ஒண்ணு கிடையாது."

அந்தப் பாராட்டைக் கேட்டதும் நெஞ்சில் யாரோ ஒரு டின்னைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, வயர்களைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தாள். முதலில் டிஸ்கைக் காப்பாற்றவேண்டும். அதற்கு நகல் கிடையாது. டிரைவின் முகப்பில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி அதில் விட்டு, தடை தட்டுகிற இடத்தில் மெல்ல அழுத்தினாள். தட்டு ஒரு விரல் அகலம் வெளியே வந்தது. நகத்தால் பிடித்து இழுத்தாள். டிஸ்கில் கீறல் இல்லை. துப்பட்டாவில் துடைக்கப் போனவள், நினைப்பு வந்து கையை இழுத்துக்கொண்டு, அதை ஒரு தாள் உறையில் பத்திரமாகப் போட்டாள்.

பிறகு பக்கத் தகடுகளைக் கழற்றினாள். ஒன்று போதும் என்று நினைத்திருந்தாள். டிரைவின் திருகுகள் இரண்டு பக்கமும் இருந்ததால் இரண்டையும் கழற்றவேண்டி வந்தது. உள்ளே பதினைந்து வருடத்துத் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. பட்டையான வயர் ஒன்று ஹார்ட் டிஸ்கையும் இந்த டிரைவையும் சேர்த்து இணைத்தது. அதைப் பிடுங்கினாள். கரண்ட் கொடுக்கிற செருகி வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. இப்படியும் அப்படியும் ஆட்டி, விரல் சிவக்க இழுத்ததும் வந்தது. நான்கு திருகுகளையும் கழற்றி, டிரைவை முன்பக்கமாக உருவி எடுத்து ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த ரிப்பேர்காரருக்கு மதர்போர்டு என்று பெயர். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், மிக்ஸியாக இருந்தாலும்கூட, திறந்து பார்ப்பதற்கு முன்பே "மதர்போர்டு போச்சே" என்பார். அதனால் வந்த பெயர். பாப்பா டிரைவை மேசைமேல் வைத்ததும் அவர் வாயைத் திறந்தார்.

"இது வெறும் டிரைவ் அண்ணே. இதுல மதர்போர்டு இல்ல."

"சரி, சரி. பட்டை வயரா? இந்த ரகம் இப்ப எவன் வச்சிருக்கான்?" என்று முனகிக்கொண்டே கழித்துப்போட்ட பெட்டிகளின் குவியலுக்குள் இடுப்புவரை நுழைந்தார். சற்று நேரத்தில் ஒரு கறுப்பு டிரைவோடு வெளியே வந்து, தன் மேசையில் மாட்டி ஓட்டிக் காட்டினார். தட்டு சுகமாக வந்து போனது.

"ஆனா ஒண்ணு கேக்கறேன் பாப்பா. இதை எதுக்கு இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்க? போன வருஷமே பெயிண்ட் கம்பெனியில இருந்து ஒரு ஆளு வந்தாரே. பழைய மெஷினைக் குடுத்தா புதுசு வச்சுத் தர்றோம்னு."

"எங்க கடைக்கா?"

"உங்க கடைக்குத்தான். நான்தான் பக்கத்துல இருந்தேன், வயரிங் பாக்க வந்திருந்தேன். கலர் கார்டைக் காட்டினா அதுவே கலந்து குடுக்குமாம். யாரு வேணா பட்டனை அமுக்கலாமாம்."

"மாமா என்ன சொன்னாரு?"

மதர்போர்டு சிரித்தார். தான் சொல்லப்போவது அவளை எங்கே தைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. "வேண்டாம்னுட்டாரு. யாரு வேணா அமுக்கலாம்னா எங்க பாப்பாவுக்கு இங்க என்ன வேலை இருக்கும், அவ புருஷன்கிட்டப் போயிடுவாளேன்னாரு. பாசம்னா அப்படி!"

பாப்பாவும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். பையை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். போன வருடம். போன வருடம் இதே நேரத்தில் கணவனுக்கு டைபாய்டு வந்து பதினேழு நாள் கிடந்தான். "மெஷினை விட்டுட்டு எப்படிம்மா போவ" என்று மாமா கேட்டார். அவள் இரண்டே நாளில் திரும்பி வந்தாள். மந்தமான காவிக் குழாய்க்காக.

கலர் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். புது டிரைவை முன்பக்கமாக நுழைத்தாள், நான்கு திருகுகளையும் முறுக்கினாள், பட்டை வயரின் சிவப்பு ஓரத்தை முன்பிருந்த பக்கமே பார்த்துச் செருகினாள், கரண்டைக் கொடுத்தாள். மஞ்சள் பெட்டியில் அந்தக் கறுப்பு முகம் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டாள்.

திரையில் ஒன்றுமே வரவில்லை. டிஸ்கைப் போடு என்றுகூடக் கேட்கவில்லை. ஹார்ட் டிஸ்கே இல்லை என்று ஒரு வரி மட்டும் வெள்ளை எழுத்தில் நின்றது. நிறுத்திப் போட்டாள். அதே வரி. காலையில் டிரைவ் மட்டும்தான் போயிருந்தது. இப்போது மொத்தமாகவே போயிற்று.

அப்போது அவளுக்கு ஒன்று நேர்ந்தது. தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி உடம்பு லேசானது. மூச்சு வயிறுவரை போனது. முடிந்தது. தானாக முடிந்தது. அவள் சொல்லவேண்டியதில்லை, யாரையும் நோகடிக்கவேண்டியதில்லை. 'இது இனி ஆகாது மாமா' என்று ஒரு வார்த்தை. அது பொய்கூட இல்லை. கவிழ்த்து வைத்த டின்மேல் உட்கார்ந்தாள். அந்த ஆலைக் குடியிருப்பின் சமையலறைக்கு ஜன்னல் இருக்கும் என்று கணவன் சொல்லியிருந்தான். இத்தனை நாளும் நினைத்துப் பார்க்கத் துணியாத அந்த ஜன்னலை இப்போது நினைத்துப் பார்த்தாள்.

வெளியே ஏணியின் குரல் கேட்டது. "இன்னும் ஆகலையா? ஆளுங்க அஞ்சு பேரு பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"ஆயிடும்ப்பா. எங்க பாப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாது."

பாப்பா மேசையில் கிடந்த பழைய டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பின்புறத்தில், பட்டை வயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், வரிசையாகச் சில ஊசிகள். அவற்றில் இரண்டின்மேல் கடுகு அளவுக்கு ஒரு கறுப்புத் தொப்பி. அது நடுவில் இருந்தது. புது டிரைவில் அது ஓரத்தில் இருந்ததை, மாட்டும்போது கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. ஒரே வயரில் இரண்டு பேர் இருந்தால் யார் முதல், யார் இரண்டாவது என்று சொல்ல வைத்த தொப்பி. இரண்டும் நானே முதல் என்று நின்றதால் கம்ப்யூட்டர் இரண்டையும் பார்க்கவில்லை. இவ்வளவுதான் கோளாறு.

தெரியாமலே இருந்திருக்கலாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்தாள். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க அவளுக்கு வரவில்லை. இந்த அறையிலிருந்து திருட்டுத்தனமாகப் போனால், போன இடத்திலும் இந்த அறைதான் கூட வரும் என்று தோன்றியது. எழுந்து, புருவம் திருத்துகிற இடுக்கியால் தொப்பியைப் பிடுங்கி நடுவில் வைத்து அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. டிஸ்கைப் போட்டாள், புது டிரைவ் சத்தமே இல்லாமல் படித்தது. எட்டு பக்கெட்டும் கலந்து, காவிக்கு இரண்டிரண்டு சொட்டு கையால் சேர்த்து, குலுக்கி, ஒரு அட்டையில் தடவி முந்தின நாள் அட்டையோடு வைத்துப் பார்த்தாள். ஏணி இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எது எதுன்னு எனக்கே தெரியல" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

மாமா தானே டீ வாங்கிக்கொண்டு கலர் ரூமுக்கு வந்தார். கறுப்பு முகத்தை வாஞ்சையோடு தடவினார்.

"இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்ல."

"மாமா, கம்பெனிக்காரங்க புது மெஷின் தர்றேன்னு வந்தாங்களாமே."

அவர் கை நின்றது. "யாரு சொன்னா? மதர்போர்டா? அவனுக்கு வாய் சும்மாவே இருக்காது."

"ஏன் வேண்டாம்னீங்க?"

"இதுதான் நல்லா ஓடுதே."

"மாமா."

அவர் டீயை மேசைமேல் வைத்தார். உட்காரவில்லை, கதவருகிலேயே நின்றார். "உங்க அத்தை தவறினப்புறம் நான் காலையில எழுந்திரிக்கறதே இந்தக் கடைக்குத்தான். கடைன்னா என்ன, டின்னா? நீ வந்து இந்த மெஷினைப் போடற சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி. தப்புதான். தெரிஞ்சேதான் செஞ்சேன்." பிறகு, "உனக்கு நான் ஏதாவது குறை வச்சேனா?" என்று கேட்டார்.

"வைக்கல மாமா. வச்சிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்."

"என்னத்தை?"

"நான் அவர்கிட்டப் போறேன். வீடு ஒதுக்கியிருக்காங்க. இருபத்தெட்டாம் தேதி கிளம்பறேன்."

கடைசியில் அது இவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். மாமா கதவை அடைத்துக்கொண்டு நின்றார். அவள் வெளியே போகவேண்டுமானால் அவரை நகரச் சொல்லவேண்டும். சொல்லாமல் நின்றாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

அவர் திரும்பிக் கல்லாவுக்குப் போனார். டீ ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது.

அன்று இரவு மாடியில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "என் தம்பி மூஞ்சியில நான் எப்படிம்மா முழிப்பேன்?"

"உன்னை யாரு போகச் சொன்னா? நீ பாட்டுக்கு இங்கேயே இரு."

"இருக்கலாம். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இருக்கறது?"

அதற்குப் பிறகு மாமா அவளிடம் நேராகப் பேசவில்லை. கோபமாகவும் இல்லை. வேண்டிய நிறத்தைச் சீட்டில் எழுதிக் கதவருகே வைத்துவிட்டுப் போவார். பாப்பாவே கம்பெனிக்குப் போன் போட்டாள். புது மெஷின் இன்னும் தருவார்களாம். கடைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் வருமாம். படிவத்தை வாங்கிக் கல்லாவில் வைத்தாள். அது தினமும் அங்கேயே கிடந்தது; மாமா அதன்மேல் டீ கிளாஸை மட்டும் வைக்காமல் பார்த்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் சேட்டைகளையெல்லாம் ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள். இருபத்திரண்டு பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தால் அவளுக்கே தலை சுற்றியது.

இருபத்தெட்டாம் தேதி காலை பெட்டியோடு கடைக்கு வந்து நின்றாள். மாமா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். இரு என்கிறாரா, போய் வா என்கிறாரா என்று விளங்கவில்லை. ஆட்டோக்காரர் மூன்று முறை ஹாரன் அடிக்கும்வரை நின்றாள். மாமா போனை வைக்கவில்லை. கிளம்பிவிட்டாள்.

பஸ் ஊரைத் தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது.

"அது டிஸ்கைப் போடுன்னு கேக்குது. நான் போட்டுட்டேன். மறுபடியும் கேக்குது."

இருபது நாளில் மாமா அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"எழுத்து இருக்கற பக்கம் மேல இருக்கணும் மாமா."

"ஓ."

பிறகு எந்தப் பட்டன் என்று கேட்டார். பிறகு காவி இறங்கவில்லை என்றார். பிறகு திரை நீலமாகிவிட்டது என்றார். நோட்டைப் பார்க்கச் சொன்னால், "உன் எழுத்து எனக்குப் புரியல" என்றார். ஷேட் கார்டின் அடியில் கடுகு மாதிரி இருக்கும் எண்ணெல்லாம் புரிகிறவர். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆறு போனது, பாலம் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கலர் ரூமுக்குள் நின்றபடி சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள், "கம்ப்யூட்டர் கம்பெனியிலயா வேலை?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

பஸ் நிலையத்தில் கணவன் காத்திருந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நேரம் உன் போன் பிஸியாவே இருந்துச்சு" என்றான். அவள் பதில் சொல்வதற்குள் அது மறுபடியும் அடித்தது. அவன் திரையைப் பார்த்தான். எடு என்று தலையசைத்தான்.

"சொல்லுங்க மாமா."

"ஒண்ணுமில்ல. போய்ச் சேந்துட்டியா?"

"இப்பதான் இறங்கினேன்."

"சரி, சரி. நல்லா இரு." அவர் போனை வைக்கவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும்?"

படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். நான்கைந்து முறை வாயெடுத்தாள். கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்தடி முன்னால் போய், திரும்பிப் பார்த்து நின்றான்.

"ஒன்பது மணிக்குக் கூப்பிடுங்க மாமா" என்றாள்.